எடுத்த மணல் எங்கே போகும்?

கடலூர் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் வர வேண்டும் என்று பேச்சு எழும்போதெல்லாம், எத்தனை மீட்டர் தோண்டுவார்கள் என்றுதான் ஊரில் கேட்கிறார்கள். கடலின் ஆழம் அளப்பதே என் தொழில். தோண்டுவதைவிடத் தோண்டிய ஆழத்தைக் காப்பதுதான் பெரிய வேலை.

2025 ஜூனில் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வந்த 'எம்எஸ்சி ஐரினா' என்ற சரக்குப்பெட்டகக் கப்பல் ஏறத்தாழ 400 மீட்டர் நீளம், 61 மீட்டர் அகலம். இந்த அளவுக் கப்பல்கள் முழுச் சரக்கோடு சுமார் 16 மீட்டர் அமிழும். அதற்காக 16 மீட்டர் ஆழம் போதாது. ஆழம் குறைந்த கால்வாயில் ஓடும் கப்பல் இன்னும் கீழே இறங்கும். வேகம் இரு மடங்கானால் அந்த இறக்கம் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். அலையாட்டத்துக்கும் இடம் விட வேண்டும். ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் பெருங்கப்பல்கள் கடல் நீர்மட்டம் ஏறும் நேரத்துக்குக் காத்திருந்து உள்ளே வருகின்றன. நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவே என்பதால் அந்த உதவி பெரிதாகக் கிடைக்காது.

அளப்பதிலும் கவனம் தேவை. மழை முடிந்து ஆறுகள் சேற்றைத் தள்ளிய பிறகு முகத்துவாரத்தில், ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரை ஓட்டினால், ஒரே இடத்தில் திரையில் இரண்டு கோடு விழும். உயர் அதிர்வெண் ஒலி கஞ்சி போன்ற சேற்றின் மேலேயே திரும்பிவிடும். தாழ் அதிர்வெண் ஒலி கெட்டியான தரைவரை போகும். கீழ்க்கோட்டை மட்டும் காட்டி ஆழம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தூர்வாரிய நிறுவனமே தன் வேலையைத் தானே அளந்து கணக்குக் கொடுப்பதும் சரியல்ல.

விழிஞ்ஞத்தில் இயற்கையிலேயே ஆழம் அதிகம், மணல் வரத்து குறைவு. இங்கே சோழகத்தில், அதாவது தென்காற்றுக் காலத்தில், மணல் வடக்கே ஓடும்; வாடைக் காற்றுக் காலத்தில் தெற்கே திரும்பும். மொத்தத்தில் வடக்கே போவதே அதிகம். குறுக்கே சுவர் நின்றால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை அரிக்கும். 1980களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின் புதுச்சேரி கண்டது இதைத்தான். தெற்கே சேரும் மணலை வடக்கே தள்ளும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது, தொடர்ந்து நடக்கவில்லை. கடற்கரைச் சாலையோரம் கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குள் கோட்டக்குப்பம் வரை நகர்ந்தது.

ஆகவே அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: ஆண்டுதோறும் தூர்வாரப் பணம் எங்கிருந்து வரும்? எடுக்கும் மணல் ஆழ்கடலில் கொட்டப்படுமா, வடக்குக் கரைக்குத் திரும்புமா? சுத்தமான மணலென்றால் அது தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் வந்துசேர வேண்டும். அந்தச் செலவும் பொறுப்பும் தூர்வாரும் ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதப்பட வேண்டும். தனித் திட்டமாகப் பிறகு பார்க்கலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.