யானையின் காது ஏன் வெடிக்கிறது?

திருகோணமலையில் கச்சான் என்னும் வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் களிமண் யானை செய்பவர் முதலில் காப்பாற்ற வேண்டியது அதன் காதை. பானை விளிம்பில் எட்டிப்பார்க்கும் அணிலுக்கும், மூடிமேல் குந்தியிருக்கும் ஆமைக்கும் இதே பாடுதான். மெல்லிய உறுப்பு சீக்கிரம் காய்ந்துவிடும், தடித்த உடம்பு ஈரமாகவே கிடக்கும்.

களிமண்ணில் இருப்பவை மிக நுண்ணிய தகடுகள். பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றரில் 500இல் ஒரு பங்குகூட இராது. இடையில் நீர்ப்படலம் இருப்பதால் நனைந்த கண்ணாடிகள் போல ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அதனால்தான் விரல் வளைத்தபடி தும்பிக்கை நிற்கிறது. நீர் போகப் போகத் தகடுகள் நெருங்கும், மண் சுருங்கும். காது சுருங்கி முடிந்தபின் உடம்பு சுருங்கத் தொடங்கினால், ஒட்டிய இடத்தில் விரிசல் விழும். எனவே இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்கும்போது, சேரும் இடங்களைக் கீறி, குழைத்த சேறு பூசி ஒட்ட வேண்டும். அப்புறம் காதுக்கு ஈரத்துணி போர்த்தி நிழலில் வைக்க வேண்டும்.

மாரியில் தொல்லை வேறு. நன்றாகக் காயாததை அவசரப்பட்டுச் சூளையில் வைத்தால், 100 பாகை செல்சியஸைத் தாண்டும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றி மண்ணைப் பிளந்துவிடும். உள்ளே காற்று அடைபட்டதுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி ஈரம்தான். யானை வயிற்றின் அடியில் ஒரு துளை இட்டால் உட்புறமும் காயும்.

வெயிலில் காய்ந்த யானையைத் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும், சுட்டது கரையாது. ஏறத்தாழ 450 முதல் 600 பாகைக்குள், களிமண் கனிமத்தோடு பிணைந்திருந்த நீரும் பிரிந்து போகிறது. அதன்பின் என்ன செய்தாலும் அது குழைகிற மண்ணாகத் திரும்பாது. விறகும் வைக்கோலும் எரியும் ஒரு சாதாரண சூளை, கனிமத்தையே வேறொன்றாக்கிவிடுகிறது! இந்தத் தொழிலில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்.

ஆறவிடுவதிலும் பொறுமை வேண்டும். மண்ணிலுள்ள மணல், அதாவது குவார்ட்ஸ், 573 பாகையில் சட்டென்று விரியும். ஆறும்போது அதே வெப்பத்தில் சுருங்கும். சூளையை அவசரமாகத் திறந்தால் கால்களில் விரிசல் விழும்.

நிறத்தைக் கொடுப்பது மண்ணிலுள்ள இரும்பு. காற்றுப் பட்ட பக்கம் சிவக்கும். காற்றுப் புகாமல் புகைக்குள் கிடந்த பக்கத்தில் கரி படிந்து கறுக்கும்.

உடைந்த காதையும் எறிய வேண்டாம். இடித்துத் தூளாக்கிப் புது மண்ணில் கலக்கலாம். ஏற்கனவே சுட்ட தூள் காயும்போது சுருங்காது என்பதால், அடுத்த யானையில் விரிசல் குறையும்.