பல் போனால் ஏழு வருடம்

"சார், அரிவாள்னு எழுதிக்கலாமா?"

அடிதடி வழக்கோடு என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் எப்படியோ இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். அடித்தது விறகுக் கட்டையாக இருக்கும், வந்தவர்கள் இரண்டு பேராக இருப்பார்கள். ஊரில் விவரம் தெரிந்த யாரோ ஒருவர், "அப்படியே எழுதினா ஸ்டேஷன்லயே விட்ருவாங்க, கொஞ்சம் ஏத்தி எழுதுங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார். அடித்தவர், அடிபட்டவர் என்று இரண்டு தரப்புக்கும் ஆஜராகியிருக்கிறேன். அடிபட்டவர் தோற்ற வழக்குகளில் பலவற்றை இப்படி ஏத்தி எழுதியதுதான் கவிழ்த்தது.

ஒரு பெரியவர் வழக்கைச் சொல்கிறேன். வாய்க்கால் தண்ணீர் முறையில் பக்கத்து வயல்காரரோடு தகராறு. அண்ணன் தம்பி இருவர் வந்து கையால் அடித்திருக்கிறார்கள். மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு போனது, இன்னொன்று பாதி உடைந்தது. அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதினார். ஏ.ஆர். காப்பி என்று நாங்கள் சொல்வது அதைத்தான். 'மாலை ஆறரை மணிக்கு, வயல் அருகே, தெரிந்த இரண்டு நபர்கள் கையால் தாக்கியதாகச் சொல்கிறார்.' அவ்வளவுதான். மறுநாள் மருமகன் வந்து உட்கார்ந்து எழுதிய புகாரில் ஏழு பேர், ஒரு அரிவாள், இரண்டு இரும்புக் குழாய். பங்காளிச் சண்டையில் பாக்கி இருந்த பெயர்களையெல்லாம் மனிதர் அதில் சேர்த்துவிட்டார்.

அந்த ஏ.ஆர். காப்பி எதிர்த்தரப்பு வக்கீல் கையில் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள்.

முதலில் சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதற்கு முந்தையவை பழைய இ.பி.கோ.விலேயே நடக்கின்றன. எண்கள் மாறினாலும் எலும்புக்கூடு அதேதான். உடலில் வலி உண்டாக்கினாலே 'காயம்'. கன்னத்தில் அறைந்தாலும் காயம்தான். பிரிவு 115(2), ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய 323-இல் அபராதம் வெறும் ஆயிரம்.

'கொடுங்காயம்' வேறு. எது கொடுங்காயம் என்று சட்டமே எட்டு வகை சொல்லிப் பட்டியலை அடைத்துவிட்டது. கண் பார்வை, காது கேட்கும் திறன், கை கால் மூட்டு இழப்பு, முகத்தில் நிரந்தர விகாரம் என்று போகும் அந்த வரிசையில் எலும்பு முறிவோடு பல்லும் இருக்கிறது. பல் முறிந்தாலும் இடம் பெயர்ந்தாலும் கொடுங்காயம். பிரிவு 117(2), ஏழு ஆண்டு வரை சிறை. 'பல்லு போனா சொல்லு போச்சு' என்பார்கள். இங்கே பல் போனால் அடித்தவருக்கு ஏழு வருடம் காத்திருக்கிறது. ஆனால் மண்டையில் பன்னிரண்டு தையல் போட்டு, எலும்பில் கீறல்கூட இல்லாமல், உயிருக்கும் ஆபத்தில்லை என்றால் அது பெரும்பாலும் சாதாரணக் காயம்தான். இதைக் கட்சிக்காரருக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு ஒரு டீ ஆறிவிடும்.

எட்டாவது வகை ஒன்று உண்டு: உயிருக்கு ஆபத்தான காயம், அல்லது பதினைந்து நாள் கடும் வலியில் வைத்த, அல்லது வழக்கமான வேலையைச் செய்யவிடாத காயம். இ.பி.கோ.வில் அது இருபது நாள். அதனால்தான் 'இருபத்தோரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்துக்கோ' என்ற ஆலோசனை இன்றும் ஊருக்குள் சுற்றுகிறது. கட்டிலில் படுத்திருந்த நாளைக் கோர்ட் எண்ணுவதில்லை. வலி இருந்ததா, வேலை செய்ய முடியாமல் போனதா என்றுதான் பார்க்கும்.

ஆயுதம் வந்தால் கணக்கு மாறும். வெட்டும், குத்தும் கருவியால், அல்லது உயிரைப் பறிக்கக்கூடிய எதனாலும் சாதாரணக் காயம் என்றால் 118(1), மூன்றாண்டு வரை. அதே கருவியால் கொடுங்காயம் என்றால் 118(2), ஆயுள் வரை போகலாம்.

எங்கள் பக்க முதல் தகவல் அறிக்கைகளில் ஒரு மூன்று எண்கள் சேர்ந்தே வரும்: 296(பி), 115(2), 351(3). முன்பு 294(பி), 323, 506(ii). அசிங்கமாகத் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்து. எந்த ஊர்ச் சண்டையானாலும் எழுதக் கூசும் அதே இரண்டு வசவுகள், அதே 'உன்னை உயிரோடு விடமாட்டேன்'. இதற்குக் காரணம் இருக்கிறது. 115(2) மட்டும் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. திட்டியதைச் சேர்த்தால் முடியும். ஆனால் அந்த வசவு பொது இடத்தில், மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருந்தது என்று சாட்சி வேண்டும். மிரட்டலில் உண்மையாகவே பயந்தார் என்று காட்ட வேண்டும். அச்சுப்போல் எழுதிய இந்த இரண்டும் விசாரணையில் உதிர்ந்துவிடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

கொலை முயற்சிக்கு வருவோம், பிரிவு 109. இங்கே காயத்தின் அளவு முக்கியமில்லை, மனதில் என்ன இருந்தது என்பதுதான். சுட்டுக் குறி தவறி ஒரு கீறலும் விழாவிட்டால்கூட 109 வரும், பத்தாண்டு வரை. காயம் பட்டிருந்தால் ஆயுள் வரை. மனதை யார் திறந்து பார்ப்பது? எந்தக் கருவி, உடலில் எந்த இடம், எத்தனை அடி, கீழே விழுந்தபின்னும் அடித்தாரா, இதையெல்லாம் வைத்துக் கோர்ட் ஊகிக்கிறது.

மனநிலைக்குச் சட்டம் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் 1919-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைச் சட்டக் கல்லூரியில் எல்லோரும் படித்திருப்போம். பழனிக் கவுண்டன் வழக்கு. மனைவியை ஏர்க் கொழுவால் தலையில் அடிக்கிறான். அவள் மயங்கி விழுகிறாள். செத்துவிட்டாள் என்று நினைத்து, தற்கொலை போல் காட்ட உத்தரத்தில் தொங்கவிடுகிறான். கழுத்து இறுகித்தான் அவள் உயிர் போகிறது. அடித்தபோது கொல்லும் எண்ணம் நிரூபணமாகவில்லை. தொங்கவிட்டபோது அவன் மனதில் இருந்தது ஒரு பிணம். ஆகவே கொலையும் இல்லை, கொலையாகாத மரணம் விளைவித்தலும் இல்லை, கொடுங்காயத்துக்கு மட்டும் தண்டனை என்று முழு அமர்வு சொன்னது. முதல் தடவை படித்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இன்றும் முழுசாக ஆறவில்லை. 1943-இல் தவமணி வழக்கில் ஏறக்குறைய இதே மாதிரி நிலைமை, ஆனால் ஆரம்பத்திலிருந்தே கொல்லும் எண்ணம் இருந்தது. செத்துவிட்டதாக நினைத்துக் கிணற்றில் போட்டார்கள். அது கொலை என்றே தீர்ப்பானது.

சரி, அடிபட்டவர் என்ன செய்ய வேண்டும்? முதலில் ஆஸ்பத்திரி. 'போலீஸ் கேஸ், முதலில் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வா' என்று எந்த டாக்டரும், தனியார் மருத்துவமனையானாலும், உயிர் காக்கும் சிகிச்சையை மறுக்க முடியாது. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கே டாக்டர் கேட்கும்போது நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: எத்தனை பேர், எதால், எத்தனை மணிக்கு. எங்கெல்லாம் வலிக்கிறதோ எல்லாவற்றையும் காட்டுங்கள். உள்காயத்தை மறுநாள் சொன்னால் 'பிறகு சேர்த்தது' என்பார்கள். எக்ஸ்ரே எடுத்தால் படம் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் 'எலும்பு முறிவு' என்று இருந்து, படமும் வராமல், படம் பார்த்த டாக்டரும் சாட்சிக்கு வராமல், கொடுங்காயம் சாதாரணக் காயமாகிப் போன வழக்குகள் உண்டு.

புகாரை வாங்கிக்கொண்டதற்கு ஸ்டேஷனில் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது முதல் தகவல் அறிக்கை ஆகாது. பதிவானால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அதிலும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்.

பெரியவர் வழக்குக்கு வருகிறேன். குறுக்கு விசாரணையில் ஏ.ஆர். காப்பியைக் காட்டி, "டாக்டர்கிட்ட ரெண்டு பேர்னு சொன்னீங்களா இல்லையா?" என்று கேட்டார்கள். பெரியவர் பொய் சொல்லத் தெரியாதவர். "ரெண்டு பேர்தாங்க அடிச்சது" என்றார். மருமகன் வராண்டாவில் தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்தது பல் டாக்டர். "இவருக்கு ஏற்கெனவே ஈறு நோய் இருந்தது, பல் ஆடிக்கொண்டிருந்தது, சரிதானே?" டாக்டர், "ஒன்று ஆடியிருக்கலாம். உடைந்த பல் ஆடிய பல் அல்ல" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் கொடுங்காயம் பிழைத்தது.

வழக்கு தீர்ப்புவரை போகவில்லை. அந்தப் பிரிவில் கோர்ட் அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளலாம். சம்பந்தமே இல்லாத ஐந்து பேர் இரண்டரை வருடம் வாய்தாவுக்கு அலைந்து முடித்திருந்தார்கள். அண்ணன் தம்பி இருவரும் பல் கட்டும் செலவை ஏற்றார்கள். கடைசி வாய்தாவுக்குப் பெரியவர் புதுப்பல்லோடு வந்தார். அது சரியாகப் பொருந்தவில்லை போலிருக்கிறது. கூண்டில் ஏறி 'ராஜி' என்று சொல்ல அவருக்கு மூன்று தடவை ஆனது.