பாண்டிக்குக் கிளம்புற சேலத்துப் பசங்களுக்கு

மறுபடியும் ஒரு போன். லீவுக்கு பாண்டி போன காலேஜ் பசங்கள்ல ஒருத்தன், நம்மகிட்ட நீச்சல் கத்துக்கிட்டவன்தான், அவனைக் கடல் இழுத்துட்டுப் போயிருச்சு, மீனவங்கதான் போட்ல தூக்கிப்போட்டுக் கரை சேத்திருக்காங்க. அவங்கம்மா கேக்குறாங்க, "ஏனுங்க சார், அவன் நல்லா நீந்துவானே?" நல்லா நீந்துறதாலதாங்க மாட்டுனான்!

நம்மூர்ல நீச்சல்னா கெணறு, இல்லன்னா மேட்டூர்ப் பக்கம் காவேரி. கெணத்து மேட்டுல இருந்து தலைகீழா குதிச்சுப் பழகுனவன் கடலைப் பாத்து "இடுப்பளவு தண்ணிதானே மாப்ள"ங்கிறான்.

இதுல எனக்கு எரிச்சலே வர்ற விஷயம், கடல் காலைப் புடிச்சு அடியில இழுக்கும்னு எல்லாரும் சொல்றது. இழுக்காதுங்க. திரும்பச் சொல்றேன், அடியில இழுக்காது. ரிப் கரன்ட்னா கரையில இருந்து கடலுக்குள்ள ஓடுற நீரோட்டம், அது உங்கள மேலாப்புலயே கரையை விட்டு வெளிய தள்ளிட்டுப் போகும், அவ்ளோதான். அலை உடையுற இடத்தைத் தாண்டுனா தானா வேகம் கொறையும். ஆள் சாகுறது அதை எதுத்து நேரா கரையைப் பாத்து நீந்தி, கை கால் ஓஞ்சு போறதால. வேகமான ரிப் செகண்டுக்கு 2.5 மீட்டர் வரைக்கும் போகும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல சீனாக்காரர் பான் ஜான்லே 100 மீட்டரை 46.40 செகண்ட்ல நீந்தி உலக சாதனை பண்ணாரே, அவர் வேகமே செகண்டுக்கு 2.16 மீட்டர்தான். அப்புறம் நீங்க யாரு, நான் யாரு.

கோவளத்துல சர்ஃபிங் கத்துக்கப் போனப்ப மொதல்ல போர்டையே குடுக்கல, மணல்ல உக்காந்து கடலைப் பாருன்னுட்டாங்க. ரெண்டு பக்கமும் அலை வெள்ளையா உடைய, நடுவுல மட்டும் கருப்பா, அலையே இல்லாம ஒரு சந்து மாதிரி இருந்துச்சு. அதுதான் ரிப், சர்ஃபர்ஸ் அதுலயே படுத்துக்கிட்டு சுலபமா கடலுக்குள்ள போறாங்க. நம்ம அப்பாமாருங்க என்னடான்னா "அலை இல்லாத எடமா பாத்து குளிங்கடா"ன்னு அதுக்குள்ளயே அனுப்புறாங்க!

போர்டுல இருந்து விழுந்தா ரெண்டு கையால தலையை மூடிக்கிட்டு, அலை மேல போற வரைக்கும் சும்மா இருக்கணும். ஒதறுனா மூச்சுதான் தீரும். அந்தப் பொறுமை பழகிப்போய், இப்பல்லாம் அஞ்சு ரோடு ட்ராஃபிக்ல கூட நான் ஹாரன் அடிக்கிறதில்ல, வீட்டுக்காரம்மாதான் நம்ப மாட்டேங்குறாங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். மாட்டிக்கிட்டா மொதல்ல மெதங்குங்க, ஒரு கையைத் தூக்கிக் கத்துங்க. தெம்பு இருந்தா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வந்துட்டு, அப்புறமா சாஞ்சாப்ல கரைக்கு வாங்க. ஃப்ரெண்டு மாட்டுனா சினிமா ஹீரோ மாதிரி குதிக்காதீங்க, காலி கேனோ கயிறோ எதையாவது எறிஞ்சுட்டு லைஃப்கார்டையோ மீனவங்களையோ கூப்புடுங்க. தண்ணி போட்டுட்டு தண்ணிக்குள்ள எறங்காதீங்கடா, கால்ல வேணும்னாலும் விழறேன். ஐப்பசி கார்த்திகையில கடலுக்குள்ளயே போகாதீங்க. சர்ஃபிங் ஆசை இருந்தா ஆள் வச்சுக் கத்துக்குங்க, ஃபோம் போர்டு, கணுக்கால்ல லீஷ் (போர்டையும் காலையும் சேத்துக் கட்டுற கயிறு) ரெண்டும் கட்டாயம். உங்களுக்கும் அலைக்கும் நடுவுல போர்டு வரவே கூடாது, வந்தா பல்லு போயிரும்.

மூச்சு இல்லாதவன தலைகீழா தூக்கிச் சுத்துறது, வயித்தை அமுக்குறது எல்லாம் வேணாம், 108க்கு அடிச்சுட்டு வாயோட வாய் வச்சு ஊதுங்க, கூடவே நெஞ்சை அமுக்குங்க. மூச்சு திரும்பி நல்லா பேசுனாலும் பக்கத்து ஆஸ்பத்திரியில காட்டிட்டு அப்புறம் சேலம் பஸ் ஏறுங்க.