குடியுரிமைக் கல்வியா, குடிமைக் கல்வியா?

திருப்பூரில் ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிலரங்கு. தலைப்பு: 'பல்கலாச்சாரச் சமூகங்களில் குடியுரிமைக் கல்வி'. இந்தத் தொடரை இந்த ஆண்டில் நான்காவது முறையாகப் படிக்கிறேன். பள்ளிப் பலகையில் இருந்த அந்த அறிவிப்பைத் தன் மகள் படித்துக் காட்டியதும், பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர் ஒருவர் என்னிடம், "ஆதார் அட்டை கொண்டுவர வேண்டுமா சார்?" என்று கேட்டார். அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார். தவறு தலைப்பில்.

குடி என்றால் வீடு, குடும்பம், அதில் வாழ்வோர். குடித்தனம், குடியிருப்பு, குடிக்கூலி எல்லாம் அதன் கிளைகள். 'சிட்டிசன்' என்ற ஆங்கிலச் சொல் நகரத்தில் (சிட்டி) பிறந்தது, நம்முடையது வீட்டில். வேர் பற்றி இவ்வளவு போதும்.

குடியுரிமை என்பது ஒருவரைத் தன்னவர் என்று அரசு சட்டப்படி ஏற்பது. அரசியலமைப்பின் 5 முதல் 11 வரையான பிரிவுகளும் 1955ஆம் ஆண்டுச் சட்டமும் பேசுவது இதைத்தான். அதோடு 'கல்வி'யை ஒட்டினால், கடவுச்சீட்டு வாங்கித் தரும் பயிற்சி நிலையம் போல ஒலிக்கிறது. ஒடிசாக்காரரின் மகளுக்குக் குடியுரிமை பிறப்பிலேயே உண்டு. அவளும், அவளைப் பார்த்து 'இந்திக்காரி' என்று கூப்பிடும் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையும் கற்க வேண்டியது வேறு: ஒரே ஊரில் ஒருவரையொருவர் மதித்துச் சேர்ந்து வாழ்வது. (ஒடிசாவில் பேசுவது ஒடியா என்பதை ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.)

பவானிசாகருக்குப் போனால் இந்தச் சொல் இன்னும் குத்துகிறது. அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. முகாம் பிள்ளைகளில் பலர் இந்த மண்ணில் பிறந்தும் இந்தியக் குடியுரிமை இல்லாதவர்கள். 1987 ஜூலைக்குப் பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். 2004 டிசம்பருக்குப் பின் அது இன்னும் இறுகிவிட்டது. அந்தப் பிள்ளைகளை உட்கார வைத்துக் 'குடியுரிமைக் கல்வி' என்று கரும்பலகையில் எழுத எந்த ஆசிரியருக்குக் கை வரும்? சமத்துவம் பற்றிய 14ஆம் பிரிவும் உயிர், தனிமனிதச் சுதந்திரம் பற்றிய 21ஆம் பிரிவும் குடிமக்களுக்கு மட்டுமல்ல, இங்குள்ள எவருக்கும் பொருந்தும். பாடத்தில் சொல்லித்தர வேண்டிய அதையே தலைப்பு மறுக்கிறது.

குடிமைக் கல்வி என்பதே சரி. குடிமையியல் பள்ளியில் நெடுநாளாக இருக்கிறது. குடிமைப் பணி, குடிமைப் பொருள் வழங்கல் என்றெல்லாம் அரசும் எழுதுகிறது. இதற்குப் புலவர் நண்பர் ஒருவர் மறுப்புச் சொன்னார்: குறளில் 'குடிமை' அதிகாரம் உயர்குடிப் பிறப்பைத்தானே பேசுகிறது? பேசுகிறது, மறுக்கவில்லை. ஆனால் சொல் பிறந்த இடத்திலேயே கிடப்பதில்லை. எங்கள் கொங்குக் கல்யாணங்களில் மங்கல வாழ்த்துப் பாடுபவர் நாவிதர். அவரைத்தான் 'குடிமகன்' என்றார்கள். அது ஊருக்கு ஊழியம் செய்பவர் என்ற பொருளில் வந்த அழைப்பு. இன்று நாட்டின் முதல் குடிமகன் யார் என்று கேட்டால் குடியரசுத் தலைவர் என்கிறான் ஐந்தாம் வகுப்புப் பையன். குடிமகன் அவ்வளவு தூரம் ஏறி வந்த பிறகு, குடிமையை மட்டும் குலப்பெருமையிலேயே கட்டிப்போடுவது என்ன நியாயம்?

'பல்கலாச்சாரம்' இன்னொரு வேதனை. படிக்கும்போது பாதிப்பேர் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் திரும்புகிறார்கள். தாளவாடியில் கன்னடம், கோவைத் தெருக்களில் தெலுங்கும் மலையாளமும், தறிக்காரர் வீடுகள் பலவற்றில் வீட்டுக்குள் ஒரு மொழி, வாசலில் ஒரு மொழி. 'பல பண்பாட்டினர் வாழும் ஊர்' என்றால் யாருக்குப் புரியாது? நான்கு சொல்லாகிவிடுகிறதாம். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டு, சுருக்கம் என்று பேர் வைக்கிறார்கள் மொழிபெயர்ப்பாளர்கள்.

இதையெல்லாம் அமைப்பாளருக்கு எழுதி அனுப்பினேன். பொறுமையாகப் படித்தாராம். அடுத்த அழைப்பிதழ் நேற்று வந்தது: 'குடிமையுரிமைக் கல்வி'.