34 மாநிலம் சேர்ந்துவிட்டதாம்!

மறுபடியும் கிளம்பிவிட்டது. "அமெரிக்க மாநிலங்கள் அரசியலமைப்பு மாநாடு கூட்டப்போகின்றன, இனி வாஷிங்டன் கடனே வாங்க முடியாது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. அங்கே குடியுரிமை வாங்கி ஓட்டுப் போடுகிற நம்மவர்களே இதை யோசிக்காமல் தள்ளிவிடுகிறார்கள். கூட்டாட்சி அரசின் வரவு செலவைச் சமன்செய்யக் கட்டாயப்படுத்தும் அரசியலமைப்புத் திருத்தத்துக்காக மாநாடு கேட்டு, உங்கள் மாநிலச் சட்டமன்றம் நாளைக்கே எடுக்கக்கூடிய தீர்மானம் இது. கொஞ்சம் படித்துவிட்டு அனுப்புங்கள்.

மாநாடு கூடினாலே திருத்தம் வந்துவிடாது. இதைத்தான் எத்தனை முறை சொல்வது? அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் பிரிவில் முன்மொழிவது ஒரு வேலை, ஏற்பது இன்னொரு வேலை. முன்மொழிய இரண்டு வழி உண்டு. காங்கிரஸின், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின், இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு முன்மொழியலாம். அல்லது மூன்றில் இரண்டு பங்கு மாநிலச் சட்டமன்றங்கள், அதாவது 50ல் 34, விண்ணப்பித்தால் காங்கிரஸ் மாநாட்டைக் கூட்ட வேண்டும். எந்த வழியில் வந்தாலும் 38 மாநிலங்கள் ஏற்றால்தான் அது திருத்தம். 13 மாநிலங்கள் எதிர்த்து ஓட்டுப் போடக்கூட வேண்டியதில்லை, கண்டுகொள்ளாமல் விட்டாலே போதும், கதை முடிந்தது. இதுவரை வந்த 27 திருத்தங்களும் காங்கிரஸ் முன்மொழிந்தவை. மாநாட்டு வழியில் ஒன்றுகூட வந்ததில்லை. "மாநாடு கூடினால் ஒரே ராத்திரியில் அரசியலமைப்பையே மாற்றி எழுதிவிடுவார்கள்" என்று பயமுறுத்துகிறவர்களும் இந்த 38ஐ மறந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பயத்தை அடியோடு தள்ளவும் முடியாது. இருக்கிற சாசனத்தைத் திருத்தத்தான் 1787ல் பிலடெல்பியாவில் கூடினார்கள், புதிதாகவே ஒன்றை எழுதிவிட்டு எழுந்தார்கள். பிரதிநிதிகளை யார் அனுப்புவது, மாநிலத்துக்கு ஒரு ஓட்டா மக்கள்தொகைப்படியா, எத்தனை நாள் நடக்கும் என்று ஐந்தாம் பிரிவு வாயே திறக்கவில்லை. அதற்கென்று காங்கிரஸ் இன்றுவரை சட்டமும் இயற்றவில்லை.

அடுத்து, எண்ணிக்கை. வரவு செலவைச் சமன்செய்யும் திருத்தம் கேட்டு 1983க்குள் 32 மாநிலங்கள் விண்ணப்பித்திருந்தன, கடைசியாகச் சேர்ந்தது மிசூரி. இன்னும் இரண்டுதான் பாக்கி. அங்கிருந்துதான் சரிவு. 1988ல் அலபாமாவும் ஃபுளோரிடாவும் திரும்பப் பெற்றன, பின்னாலேயே வேறு பல மாநிலங்களும். ஃபுளோரிடா 2010ல் மறுபடி விண்ணப்பித்தது. 2017ல் ஒரு பக்கம் விஸ்கான்சின் சேர்ந்தது, அதே ஆண்டில் மேரிலாந்து, நியூ மெக்சிகோ, நெவாடா மூன்றும் விலகின. கிட்டத்தட்ட ஏணியும் பாம்பும்தான். விலகியது செல்லுமா, நாற்பது வருடப் பழைய விண்ணப்பத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னதில்லை. இந்த இடைவெளியில் புகுந்துதான் சிலர், 1789ல் நியூயார்க் பொதுவாகக் கேட்ட விண்ணப்பத்தையெல்லாம் இந்தக் கணக்கில் கூட்டி, 1979லேயே 34ஐத் தாண்டிவிட்டோம் என்கிறார்கள். கடன் கட்டுப்பாடு என்ற பேச்சே அந்த விண்ணப்பத்தில் கிடையாது.

"மாநிலங்கள் சமன்செய்கின்றனவே, வாஷிங்டனுக்கு மட்டும் என்ன கேடு?" என்ற கேள்வியும் கூடவே வரும். வெர்மான்ட் தவிர மற்ற மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் அந்தக் கட்டாயம் இருப்பது உண்மைதான். ஆனால் அவை பெரும்பாலும் சமன்செய்வது நடப்புச் செலவுக் கணக்கை. பாலம், சிறைச்சாலை, பல்கலைக்கழகக் கட்டடம் எல்லாம் கடன் பத்திரம் விற்றுக் கட்டுபவை, அவை வேறு கணக்கு. கூட்டாட்சி அரசுக்கு அப்படிப் பிரித்த கணக்கு இல்லை. போர்க்கப்பலும் ஓய்வூதியமும் ஒரே பட்டியலில்தான் வரும்.

தொகையைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். 2024 நிதியாண்டில் பற்றாக்குறை சுமார் 1.8 லட்சம் கோடி டாலர். காங்கிரஸ் ஆண்டுதோறும் ஓட்டுப் போட்டு ஒதுக்குகிற மொத்தச் செலவும், ராணுவம் உட்பட, ஏறத்தாழ அதே அளவுதான். ராணுவம், நீதித்துறை, தேசியப் பூங்கா எல்லாவற்றையும் இழுத்து மூடினால்தான் கணக்கு நேராகும். மீதி முழுக்க ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு போன்றவை, அதோடு வட்டி. வட்டி மட்டும் சுமார் 88,000 கோடி டாலர். இதில் பொருளாதார மந்தம் வந்தால் 2009ல் போல வரி வரவு சரியும், வேலையில்லாதோர் உதவி ஏறும். அந்த நேரத்தில் சமன்செய்தே தீர வேண்டும் என்றால் மந்தம் இன்னும் ஆழமாகும். அதனால்தான் பெரும்பாலான வரைவுகளில் போர் வந்தாலோ, காங்கிரஸில் ஐந்தில் மூன்று பங்கு ஓட்டு கிடைத்தாலோ விலக்கு என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருப்பார்கள். அந்த வாசல் எவ்வளவு அகலம் என்று பாருங்கள், திருத்தத்தின் உயிரே அங்கேதான்.

இதைக் காரணம் காட்டிக் கடன் ஒரு பிரச்சினையே இல்லை என்று கிளம்பிவிடாதீர்கள். அதைப் பிரச்சினையாகப் பார்த்தவர்கள் குறைவில்லை: 1997ல் காங்கிரஸின் மேலவையான செனட்டில் இதே திருத்தத்துக்கு 66 ஓட்டு விழுந்தது, தேவை 67.

உங்கள் மாநிலத்தில் தீர்மானம் வந்தால் முன்னுரையில் மயங்காதீர்கள், கடைசிப் பத்திகளுக்குப் போங்கள். "இந்த ஒரே பொருளுக்காக மட்டும்" என்று இருக்கிறதா? காலாவதித் தேதி போட்டிருக்கிறதா? எந்த மாநிலங்களின் விண்ணப்பத்தோடு சேர்த்து எண்ணச் சொல்கிறது? வரம்பு மீறும் பிரதிநிதியை என்ன செய்வது என்று தனிச் சட்டம் இருக்கிறதா? இந்தியானா 2013ல் அதைக் குற்றமாகவே ஆக்கியது. உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் இந்த நான்கையும் எழுதிக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

"இந்த மாநிலமும் சேர்ந்தாச்சு" என்று செய்தி வந்தால் தீர்மான எண்ணைக் கேளுங்கள். செனட்டுக்கு வருகிற விண்ணப்பங்களைக் காங்கிரஸ் பதிவேட்டில் மனுக்கள் பகுதியில் எண் போட்டு அச்சிடுகிறார்கள், இணையத்திலேயே தேடலாம். அங்கே கிடைக்கும் வரை தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.