கெட்டித் தாள் போட்டால் படநூல் நீடிக்காது

பழுதுபார்க்க இன்னொரு படநூலும் வந்துவிட்டது. சிங்கப்பூரின் ரோச்சோர் சென்டர் அடுக்குமாடிகளை இடிப்பதற்கு முன் எடுத்த படங்கள்: பளிச்சென்ற நிறத்தில் புளோக்குகள், கீழே கடைகள், மாடிப்படி ஓரம் சாய்த்துவைத்த துடைப்பம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) ஆர்ட் தாளில், அதாவது பளபளப்புப் பூச்சுத் தாளில் அடித்து, முன்னும் பின்னுமாக மடியும் துருத்தி மடிப்பாகச் செய்திருக்கிறார் அதைக் கொண்டுவந்த தம்பி. மடிப்புக்கு மடிப்பு மேற்பூச்சு வெடித்து வெள்ளை நார் தெரிகிறது. இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. பிரித்தால் படம் உரிந்துவிடும். மூலக் கோப்புகளோ பழைய கைப்பேசியோடு போய்விட்டனவாம். புத்தகம் கட்டுவது என் தொழில். ஆனால் இதற்குமேல் என் கையில் ஒன்றுமில்லை.

"கெட்டியான தாளாத்தானே போட்டேன், அக்கா?"

எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். தாளின் ஆயுள் கனத்தில் இல்லவே இல்லை! ஆலையில் தாள் ஓடும் திசையில்தான் நார்கள் படுக்கும். அந்தத் திசையோடு மடித்தால் தாள் பணியும், குறுக்கே மடித்தால் நார் ஒடியும். கனம் கூடினால் ஒடிவதும் கூடும். தாளை இரு கையாலும் லேசாக வளைத்துப் பாருங்கள், பிறகு திருப்பி வளையுங்கள். எப்படி வளைத்தால் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ, மடிப்பும் அப்படியே வரவேண்டும். அச்சகத்தில் இதைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் தாள் வீணாகாத வாக்கில்தான் வெட்டுவார்கள்.

அமெரிக்கக் கலைஞர் எட் ரூஷே 1966இல் லாஸ் ஏஞ்சலிஸின் சன்செட் ஸ்ட்ரிப் சாலையை இருபுறமும் படமெடுத்து, விரித்தால் ஏழரை மீட்டர் நீளும் துருத்தி நூலாக்கினார். அதைப் பார்த்துத்தான் இங்கே தேக்கா வட்டாரத்தில் கடைகளின் முன் ஓடும் ஐந்தடிப்பாதைகளையும் அப்படிச் செய்யப் பலர் வருகிறார்கள். மனசு நிறைகிறது. ஆனால் 1963இல் 400 படிகளாக வந்த அவருடைய பெட்ரோல் நிலையப் படங்களின் நூல் சாதாரண ஆஃப்செட் அச்சுதான். ஆடம்பரத் தாளைத் தேடி அவர் போகவில்லை.

நம் ஊரில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். பளபளப்புப் பூச்சு ஈரத்தில் இளகும், அழுத்தி வைத்தால் ஒட்டும். பூச்சில்லாத 120 முதல் 150 ஜிஎஸ்எம் தாள் போதும். மடிக்குமுன் கோடு அழுத்துங்கள். ஒட்டியதைப் பாரம் வைத்து நன்றாக உலரவிடுங்கள். உலராததை பிளாஸ்டிக்கில் சுற்றாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டவே வேண்டாம். சிலிகா ஜெல் மூடிய பெட்டிக்குள்தான் வேலை செய்யும், அதையும் அவ்வப்போது மாற்றவேண்டும். கோப்புகளை இரண்டு இடத்தில் வையுங்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் வெறுந்தாளில் ஒரு மாதிரி மடித்து எடுத்து வாருங்கள், தம்பி தங்கைகளே. பார்த்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை.