ஃபிகரின்: சிறுபாவையும் புனைபாவையும்

அலமாரித் தட்டில் நிற்கும் அளவில், மனிதனையோ விலங்கையோ கற்பனைப் பாத்திரத்தையோ வடித்த சிற்றுருவம்தான் ‘ஃபிகரின்’. பீங்கான், மரம், உலோகம், வினைல் எனும் பிளாஸ்டிக் என எதில் செய்திருந்தாலும் பெயர் இதுவே. குழந்தை கையில் விளையாடக் கொடுப்பது இதன் முதல் நோக்கமன்று. வைத்துப் பார்க்கவும் தேடிச் சேர்க்கவும் உரியது. ‘ஆர்ட் டாய்’, ‘டிசைனர் டாய்’, ‘கலெக்டிபிள்’ என்ற சொற்களும் இதனோடு கலந்து புழங்குகின்றன. தமிழில் எழுதுவோர் எல்லாவற்றையும் ‘பொம்மை’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அது போதாது. அதைவிடப் பொருத்தமான சொல் குறளிலேயே இருக்கிறது.

முதலில் வேரைப் பார்ப்போம். இலத்தீனில் ‘ஃபிங்கெரெ’ என்பது களிமண்ணைப் பிசைந்து உருக்கொடுப்பதைக் குறிக்கும் வினை. அதிலிருந்து ‘ஃபிகூரா’, அதாவது உருவம், பிறந்தது. இத்தாலிய மொழி அதோடு சிறுமை காட்டும் ஓர் ஈற்றைச் சேர்த்து ‘ஃபிகுரீனா’ ஆக்கியது. பிரெஞ்சு அதை ‘ஃபிகுரின்’ என்று சுருக்க, ஆங்கிலம் அங்கிருந்து எடுத்துக்கொண்டது. நேர்பொருள் சிற்றுருவம். ஆனால் ‘ஃபிங்கெரெ’ இன்னொரு திசையிலும் கிளைத்தது. இல்லாததைக் கற்பனையால் உருவாக்குவதற்கும் அதே வினை வழங்கியதால், கதையைக் குறிக்கும் ‘ஃபிக்‌ஷன்’ அதே வேரில் முளைத்தது. மண்ணைப் பிசைபவனும் கதை கட்டுபவனும் இலத்தீனில் செய்தது ஒரே வேலை.

தமிழில் இதற்கு ஈடான வினை ‘புனை’. மாலை புனைவோம், ஓவியம் புனைவோம், கதையும் புனைவோம். கதைக்குப் ‘புனைவு’ என்றும் ‘புனைகதை’ என்றும் பெயர் வைத்தது அதனால்தான். இந்த வினையைச் சிற்றுருவத்தோடு சேர்த்தே வள்ளுவர் ஆள்கிறார்:

“நுண்மாண் நுழைபுலம் இல்லான் எழில்நலம்
மண்மாண் புனைபாவை அற்று.” (407)

நுட்பமான அறிவில்லாதவனின் அழகு, மண்ணால் மாண்புறப் புனைந்த பாவையின் அழகைப் போன்றது என்பது பொருள். குறள் பேசவந்தது கல்லாமையைப் பற்றி. ஆனால் போகிற போக்கில் நமக்கு ஒரு கலைச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் போகிறது. மண், பிசைந்து உருவாக்கும் கை, அழகுக்காகவே நிற்கும் உருவம் ஆகிய மூன்றும் ‘புனைபாவை’ என்ற ஒரே தொகையில் உள்ளன. ‘ஃபிங்கெரெ’ சுமந்த இரட்டைப் பொருளும் ‘புனை’யில் அப்படியே இருக்கிறது. இவ்வளவு நெருக்கமான இணை கிடைப்பது அரிது.

‘பொம்மை’ தாழ்ந்த சொல் என்று நான் சொல்லவில்லை. தெலுங்கில் ‘பொம்ம’, கன்னடத்தில் ‘கொம்பெ’ என உறவுச் சொற்கள் உள்ள, எல்லார் நாவிலும் வாழும் சொல் அது. ஆனால் இன்றைய வழக்கில் அதைக் கேட்டதும் குழந்தையின் விளையாட்டுப் பொருள்தான் மனத்தில் எழும். இந்தச் சிக்கல் ஆங்கிலத்திலும் இருந்தது. 1964-இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் சிறுவர்களுக்காக ‘ஜி.ஐ. ஜோ’ என்ற போர்வீரன் உருவத்தைக் கொண்டுவந்தபோது, ‘டால்’ என்று பெயரிட்டால் அது பெண்பிள்ளைகளுக்கு உரியதென்று பையன்கள் தொடமாட்டார்கள் என அஞ்சி ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்ற பெயரைப் புழக்கத்தில் விட்டது. ‘சிலை’ என்றால் கல்லும் வெண்கலமும் வழிபாடும் முன்னால் வந்து நிற்கும். ‘உருவாரம்’ சுடுமண் உருவங்களுக்கு ஆகிவந்த நல்ல சொல். வினைலுக்கு அதை நீட்டினால் அதன் தனித்தன்மை போய்விடும்.

‘பாவை’க்கு இந்தத் தடைகள் இல்லை. சங்கப் பாடல்களில் சிறுமியர் மணலில் செய்து விளையாடும் வண்டற்பாவையும் பாவைதான். கொல்லிமலையில் தெய்வம் எழுதியதாகச் சொல்லும் கொல்லிப்பாவையும் பாவைதான். கயிற்றில் ஆடும் மரப்பாவை, விளக்கொளியில் அசையும் தோற்பாவை எல்லாம் இதில் அடங்கும். பொருளும் அளவும் எதுவானாலும் சொல் மாறுவதில்லை. இன்றைய கலை உலகில் ஒருவருடைய வாழ்க்கையைப் பார்த்தால், இப்படி விரிந்துகொடுக்கும் ஒரு சொல் ஏன் வேண்டும் என்பது விளங்கும்.

பிரையன் டானெலி 1974-இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் பிறந்தவர். உலகம் அவரை ‘காஸ்’ (KAWS) என்றே அறியும். அது பொதுச்சுவர்களில் எழுதி வரையும் ‘கிராஃபிட்டி’ கலைஞராக இருந்த காலத்தில் அவர் சூட்டிக்கொண்ட பெயர். அந்த நான்கு ஆங்கில எழுத்துகளும் சேர்ந்து நிற்கும் தோற்றம் பிடித்திருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருளில்லை. நியூயார்க்கின் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸில் 1996-இல் பட்டம் பெற்றார். அனிமேஷன் படங்களுக்குப் பின்னணி தீட்டும் வேலை செய்தார். அதே காலத்தில் பேருந்து நிறுத்த விளம்பரப் பெட்டிகளைத் திறந்து சுவரொட்டிகளை எடுத்துப்போய், மாடல்களின் மேல் மண்டையோட்டுத் தலை ஒன்றை அச்சிட்டதுபோல் நேர்த்தியாக வரைந்து, மறுபடி அதே இடத்தில் வைத்துவிடுவார். அந்தத் தலையில் எலும்புகள் இரு பக்கமும் புடைத்து நிற்கும். கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பெருக்கல் குறிகள் இருக்கும்.

1999-இல் தோக்கியோவின் ‘பவுண்ட்டி ஹன்ட்டர்’ என்ற ஆடை நிறுவனத்தோடு சேர்ந்து அந்தத் தலையை முப்பரிமாணமாக்கினார். மிக்கி மவுஸை நினைவூட்டும் உடல், கையுறை, பெரிய காலணி, எட்டு அங்குல உயரம். ‘கம்பானியன்’ என்ற அந்த வினைல் உருவம் 500 எண்ணிக்கையில் வெளிவந்தது. பின்னர் மெடிகாம் டாய் நிறுவனத்தோடு இணைந்து 2006-இல் தோக்கியோவில் ‘ஒரிஜினல்ஃபேக்’ கடையைத் திறந்து 2013 வரை நடத்தினார். 2017-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கடை ‘கம்பானியன்’ உருவங்களை விற்பனைக்கு வைத்தபோது, முண்டியடித்த கூட்டத்தில் அதன் இணையதளமே செயலிழந்தது. 2019-இல் அதே ‘கம்பானியன்’ ஹாங்காங் விக்டோரியா துறைமுகத்தில் 37 மீட்டர் நீளக் காற்றடைத்த உருவமாக மல்லாந்து மிதந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் அவருடைய ஓவியம் ஒன்று ஹாங்காங் சதபீஸ் ஏலத்தில் ஏறத்தாழ 11.6 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது.

எட்டு அங்குலத்தில் தொடங்கி 37 மீட்டர் வரை போன இந்த உருவத்தை எப்படி அழைப்பது? சிறுமை ஈற்றைச் சுமக்கும் ‘ஃபிகரின்’ துறைமுகத்தில் மிதந்ததைத் தாங்காது. ‘சிற்பம்’ அலமாரியில் நிற்பதற்குக் கனமாகிவிடும். ‘பாவை’ இரண்டுக்கும் பொருந்தும். கண்ணின் கருமணியில் தெரியும் சிற்றுருவத்துக்கும் தமிழில் பாவை என்றே பெயர். “கருமணியிற் பாவாய்நீ போதாயாம்” என்கிறது குறள் (1123). இலத்தீனிலும் கருமணிக்குரிய ‘பூபில்லா’ என்ற சொல்லுக்குச் சிறு பாவை என்றே பொருள். எதிரே நிற்பவரின் உருவம் அதில் குட்டியாகத் தெரிவதால் வந்த பெயர். அப்படிப் பார்த்தால் காஸ் செய்தவை கண்ணில் பாவை இல்லாத பாவைகள்.

இவை செய்யப்படும் முறையும் ‘புனை’ என்ற வினைக்கு ஒத்துவருகிறது. கலைஞர் முதலில் களிமண்ணிலோ மெழுகிலோ, இப்போதெல்லாம் கணினியிலோ மூல உருவை வடிக்கிறார். அதிலிருந்து உலோக அச்சு எடுக்கிறார்கள். ஜப்பானில் ‘சொஃபுபி’ எனப்படும் மென்வினைல் முறையில், அச்சுக்குள் திரவ வினைலை ஊற்றிச் சூடாக்குவார்கள். சுவரை ஒட்டிய பகுதி தோலாக இறுக, நடுவில் மிஞ்சிய திரவத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். சூடு ஆறுவதற்குள் அந்தத் தோலைக் குறுகிய வாய் வழியே இழுத்து எடுக்கவேண்டும். நெகிழும் பொருளாதலால் வெளியே வந்ததும் தன் உருவுக்குத் திரும்பிவிடும். இப்படித் தலை, கை, உடல் எனத் தனித்தனியாக எடுத்துப் பொருத்தி வண்ணம் தீட்டுகிறார்கள்.

‘கலெக்டிபிள்’ பற்றியும் ஒரு சொல். ‘சேகரிப்புப் பொருள்’ என்பது புரியும், போதும். ‘லிமிடெட் எடிஷன்’ என்பதற்கு ‘வரையறுத்த பதிப்பு’ என்ற வழக்கு ஏற்கெனவே உண்டு. ‘பதிப்பு’ அச்சில் பதிப்பதிலிருந்து வந்ததால் புத்தகத்துக்கும் பாவைக்கும் ஒருசேரப் பொருந்துகிறது. அச்சு ஒன்றிலிருந்து எத்தனை எடுப்பது என்று முன்கூட்டியே வரம்பு கட்டுவதுதான் இந்தப் பொருள்களின் விலையைத் தீர்மானிக்கிறது. ஆகவே அந்தச் சொல்லைத் தளர்வாகக் கையாளக் கூடாது. வரம்பு அறிவிக்காமல் வெளிவருவதைத் ‘திறந்த பதிப்பு’ எனலாம்.

என் பரிந்துரை இது. பீங்கான் அழகுப்பொருள் முதலாகப் பொதுவான ‘ஃபிகரின்’ அனைத்துக்கும் ‘சிறுபாவை’. ஒரு கலைஞரின் கற்பனையில் பிறந்து, அவர் பெயரோடு பதிப்பாக வெளிவரும் ‘ஆர்ட் டாய்’, ‘டிசைனர் டாய்’ ஆகியவற்றுக்குப் ‘புனைபாவை’. கைகால் மூட்டுகள் அசையும் ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ வகைக்கு ‘இயங்குபாவை’. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்: “காஸின் முதல் புனைபாவை 1999-இல் வெளிவந்தது”, “அது 500 எண்ணிக்கையில் வரையறுத்த பதிப்பு”. முதல்முறை எழுதும்போது ‘ஆர்ட் டாய் எனப்படும் புனைபாவை’ என்று சேர்த்து எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து தமிழ்ச்சொல்லை மட்டும் ஆளலாம்.